ஏழாவது தட்டை ஏந்தியவள்

ஞாயின் நிச்சயதார்த்தத்தன்று காலை எட்டரை மணிக்கு அவளுடைய அக்கா தோவா பக்கத்து வீட்டு வாத்துக் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்திவிடவில்லை. ஒளிந்துகொள்கிறேன் என்று சொன்னதும் அவள்தான், இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். கொட்டகைத் தட்டியில் ஒரு ஓட்டை உண்டு. அதில் கண்ணை வைத்தால் தன் வீட்டு முற்றம் மொத்தமும் தெரியும். ஒரே தங்கையின் விசேஷத்தைப் பார்க்காமல் விட அவள் ஒன்றும் முற்றும் துறந்தவள் அல்ல.

தோவாவுக்கு வயது முப்பத்து மூன்று. இடது கை முழங்கையோடு நின்றுவிடும். பிறவியிலேயே அப்படித்தான். அப்பா குவாட் பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போய் தெற்கே ஆ லுவோய் காட்டில் நாலு வருஷம் கிடந்தவர். தலைக்கு மேலே எதிரி விமானம் போகும், வெள்ளையாகப் பனி மாதிரி ஏதோ இறங்கும், சில நாளில் மரத்தில் ஒரு இலை இருக்காது. ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள், பொத்திக்கொண்டார்கள். அப்புறம் அதே ஓடைத் தண்ணீரில் சோறு பொங்கிச் சாப்பிட்டார்கள். வேறு தண்ணீருக்கு எங்கே போவது?

சண்டை முடிந்து, குண்டடி ஒன்றுகூடப் படாமல் வந்தவரை ஊரே அதிர்ஷ்டக்காரன் என்றது. அடுத்த வருஷம் தோவா பிறந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கரு கலைந்தன. பிறகு, யாருமே எதிர்பார்க்காத நேரத்தில், பத்து விரலும் பத்து விரலுமாக ஞாய் வந்தாள். குவாட்டுக்கு முதுகு முழுக்க ஆறாத கட்டிகள், நாற்பது வயதில் சர்க்கரை, இப்போது பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கடைத்தெரு வரைக்கும் நடந்துவிட்டு வருவார். எல்லாம் விமானம் தூவிய அந்த ஆரஞ்சு விஷம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கவே அரசாங்கத்துக்கு இருபத்தைந்து வருஷம் பிடித்தது.

இந்த ஊரில் இது ரகசியம் இல்லை. மாதா மாதம் காலையில் ஒலிபெருக்கியில் பேர் வாசிப்பார்கள். “ஆரஞ்சு விஷத்தால் பாதிக்கப்பட்டோர் மருத்துவப் பரிசோதனைக்கு வரவும்: குவாட், அவர் மகள் தோவா…” என்று எருமைகளுக்குக்கூடக் கேட்கும்படி முழங்கும். நிச்சயதார்த்தம் நடக்கிற வாரம் மட்டும் ஒலிபெருக்கிக்காரருக்கு ஒரு கொழுத்த வாத்து போய்ச் சேர்ந்தது. உடனே கம்பி எங்கேயோ அறுந்துவிட்டது.

மறைக்க வேண்டியது அக்கரைக்காரர்களிடம்தான். மாப்பிள்ளை குயென் செவ்வாற்றுக்கு அந்தப் பக்கம், வேறு மாகாணம். அவனுக்கு எல்லாம் தெரியும். இரண்டு வருஷமாக ஞாயோடு பழகுகிறவன், தோவா கையால் வாத்துக் கஞ்சி குடித்தவன். அவன் அம்மா மியெனுக்குத்தான் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பது இந்த வீட்டுக்குப் பட்ட பாடம். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்தது. இரண்டு வீட்டாரும் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், தோவாவின் சட்டைக் கையைப் பார்த்தார்கள், “யோசிச்சுச் சொல்றோம்” என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

மூன்றாவதாக மியென் பெண் கேட்க வந்த அன்று தோவா சந்தைக்குப் போயிருந்தாள். “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று மியென் சாதாரணமாகக் கேட்டாள். குவாட்டின் வாயிலிருந்து “ஒண்ணு” என்று வந்துவிட்டது. அவர் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. பயத்தில் வந்த வார்த்தை. வந்த வார்த்தையை யாரும் திருத்தவில்லை.

சந்தையிலிருந்து திரும்பிய தோவாவிடம் அம்மா அழுதுகொண்டே சொன்னாள். வலிக்கவில்லை என்றால் பொய். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“சரி, ஒண்ணுன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கல்யாணம் முடியற வரைக்கும் நான் இல்ல. அப்புறமா ஒரு நாள் காட்டுக்குள்ளேர்ந்து வந்தேன்னு சொல்லிக்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. அன்றிலிருந்து அவர் மூத்த மகளின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம்தான் கேட்டார்.

இப்போது கொட்டகை ஓட்டை வழியாகத் தோவா பார்த்தாள். முற்றத்தில் ஆறேழு பெண்கள் ரோஜா நிற நீள அங்கியில் நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஏழு தட்டு வரும். வெற்றிலை பாக்கு, தேநீர்த் தூள், பழம், பலகாரம் என்று ஏழு. ஏழு கல்யாணமாகாத பையன்கள் தூக்கி வருவார்கள், இங்கே ஏழு கல்யாணமாகாத பெண்கள் எதிர்கொண்டு வாங்க வேண்டும். கல்யாணமானவள் கை பட்டால் அந்தச் சம்பந்தம் பாதியில் முறியும் என்று நம்பிக்கை. ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும் நல்ல நேரம். தெரு முனையில் வண்டிகள் வந்து நின்றுவிட்டன.

அந்த நேரம் பார்த்து, ஏழில் ஒருத்தியான சித்தப்பா மகள் லாம், தோவாவின் அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“பெரியம்மா, நான் தட்டு வாங்கக் கூடாது.”

“ஏன்டி, வயிறு சரியில்லையா?”

“வயிறுதான். மூணு மாசம்.”

அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

“போன மாசம் ஹனோயில பதிவு பண்ணிட்டோம் பெரியம்மா. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க பொண்ணு வாழ்க்கையில என் கை பட்டு ஏதாவது ஆயிட்டா காலத்துக்கும் என்னையத்தானே சொல்லுவீங்க.”

“இதை இப்பத்தான் சொல்லணுமா, தட்டு தெரு முனைக்கு வந்தப்புறம்?” என்ற அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? ஊரில் இளவட்டமெல்லாம் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது பாட்டிகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும்.

கொட்டகைக் கதவு திறந்தது. சிவப்பு அங்கியும் தலையில் வட்டத் தலைப்பாகையும் உதட்டுச் சாயமுமாக ஞாய் நின்றாள். மாப்பிள்ளை வந்து அழைத்துப் போகிற வரைக்கும் அறையை விட்டு வெளியே வரக் கூடாத கல்யாணப் பெண், வாத்து எச்சத்தில் செருப்பு வழுக்க வழுக்கப் பின்வாசல் வழியாக வந்திருந்தாள்.

“அக்கா, வா.”

“உனக்கென்ன பைத்தியமா? போடி உள்ள.”

“லாம் கல்யாணம் பண்ணிக்கிட்டாளாம். ஆள் குறையுது. ஊர்லயே கல்யாணமாகாதவ நீ ஒருத்திதான் பாக்கி.”

“ரொம்பப் பெருமையா இருக்கு. தட்டை ரெண்டு கையால வாங்கணும்டி.”

“ஒத்தக் கையில ரெண்டு கூடை தவிடு தூக்குறவதானே நீ. தட்டுக்கு என்ன இப்ப?” ஞாய் அக்காவின் கையைப் பிடித்தாள். “ஜன்னல்கிட்ட நின்னு பாத்துட்டே இருந்தேன் அக்கா. நீ இல்லாம எல்லாம் நடக்கப்போகுது. நல்லாவே இல்ல.”

தோவா விதைத் தோலைத் துப்பினாள். கண் கரித்தது. கொட்டகை நாற்றம் என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

“வர்றேன். ஆனா ஊர்க்காரியா வர்றேன். வாய் தவறி அக்கான்னு கூப்பிட்ட, உன் மாமியார் மேல வாத்தை அவுத்து விட்டுருவேன்.”

லாமின் அங்கி இடுப்பில் பிடித்தது, மூச்சை அடக்கினால் சரியாகப் போயிற்று. அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே தோவா கழுத்திலிருந்து அக்குள் வரைக்கும் பொத்தான்களை ஒற்றைக் கையால் சட்சட்டென்று போட்டு முடித்தாள். இடது கைத் துணியை உள்ளே மடித்து ஊக்கு குத்தியானது. வரிசையில் ஏழாவதாக, தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அப்பா அவளைப் பார்த்ததும் கையிலிருந்த தேநீர்க் கெண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நாசமாகப் போகிறது எல்லாம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பையன்கள் வரிசையாக வந்தார்கள். ஏழாவது பையன் பையனாக இல்லை. முன்தலை வழுக்கை, நாற்பதை நெருங்கிய ஆள். சொல்லிவைத்த பையன் முந்தின நாள் மோட்டார் பைக்கிலிருந்து விழுந்துவிட்டதால், மியென் தன் தம்பி சாங்கைக் கழுத்துப்பட்டை கட்டி இழுத்து வந்திருந்தாள். செங்கல் சூளை வைத்திருக்கிறான், கல்யாணம் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அவன் கையில்தான் இருப்பதிலேயே கனமான தட்டு: சிவப்பு ஒட்டரிசிச் சோறு, மேலே அவித்த சேவல் ஒன்று அலகில் ரோஜாப்பூவோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

சாங் தோவாவின் மடித்த சட்டைக் கையைப் பார்த்தான். “எப்படிக் குடுக்கட்டும்?” என்று மெதுவாகக் கேட்டான்.

“சாய்க்காம குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”

வலது உள்ளங்கையைத் தட்டின் அடியில் கொடுத்து, மறு விளிம்பை இடது முழங்கையில் தாங்கி, இடுப்போடு அணைத்து வாங்கினாள். தட்டு ஆடவில்லை. சேவலின் அலகிலிருந்த ரோஜா மட்டும் கீழே விழுந்தது.

“பூ விழுந்துருச்சு” என்றான் சாங்.

“நேரம் ஆச்சுன்னு துப்பியிருக்கும். எடுத்து வாயில வைங்க.”

அவன் குனிந்து எடுத்து, ரொம்பப் பயபக்தியோடு சேவலின் அலகில் செருகினான். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்ற பெண்கள் உள்ளே போய்விட்டார்கள், இவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். மியென் திரும்பிப் பார்த்தாள்.

தட்டுகளை முன்னோர் படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. எல்லாரும் உட்கார்ந்தார்கள், தேநீர் ஊற்றினார்கள், இனி அறிமுகம். முதலில் அக்கரைக்காரர்கள் சார்பில் ஒரு பெரியவர் எழுந்து, மறைந்த தகப்பன், தாய் மியென், அவளுடைய ஒரே மகன் குயென் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு இந்தப் பக்கம் குவாட்டின் அண்ணன் எழுந்து தொண்டையைச் செருமினார். “இவன் என் தம்பி குவாட். இது அவன் சம்சாரம். இவங்களுக்கு ஒரே மகள், ஞாய்.” அந்த ‘ஒரே’ என்ற இடத்தில் குவாட் தரையைப் பார்த்தார். வாசல் தூணருகே நின்ற தோவா கூரையைப் பார்த்தாள். ஆயிற்று, தாண்டியாயிற்று என்று நினைத்தாள்.

மியென் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “சம்பந்தி, அந்தக் கடைசித் தட்டு வாங்கின பொண்ணு யாரு?”

“அது… பக்கத்து வீட்டுப் பொண்ணு” என்றார் பெரியப்பா.

“கல்யாணமாகலை, இல்ல? தட்டு வாங்கினாளே.”

“ஆகலை, ஆகலை.”

“நல்லதாப் போச்சு. என் தம்பி பதினஞ்சு வருஷமா எந்தப் பொண்ணைக் காட்டினாலும் செங்கல்லைப் பாக்கற மாதிரி பாக்கறான். இன்னிக்குத்தான் பல்லைக் காட்டிச் சிரிச்சான். வந்த கையோட அதையும் பேசிருவோம். அவ அப்பா எங்க?”

சாங் காது வரைக்கும் சிவந்துபோனான். கூடம் கொல்லென்று சிரித்தது. பெரியப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில் பக்கத்து வீட்டு வாத்துக்காரர் கீ நிம்மதியாகப் பலகாரம் தின்றுகொண்டிருந்தார்.

“அதோ, அவருதான்.”

“அவரா? இப்பத்தானே எங்கிட்ட, கல்யாணமே பண்ணிக்காததுதான் என் ஆரோக்கியத்துக்குக் காரணம்னு சொன்னாரு.”

கீ தின்பதை நிறுத்தினார். “வளர்ப்பு மக” என்றாள் அம்மா அவசரமாக. “தூரத்துச் சொந்தம்” என்றார் பெரியப்பா அதே நேரத்தில். கீ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டும்தான்” என்றார்.

தோவாவுக்கே சிரிப்பு வந்தது. பொய்யை இவ்வளவு கேவலமாகச் சொல்கிற குடும்பம் மாகாணத்திலேயே இருக்காது. சரி, நாமே ஏதாவது சொல்லிச் சமாளிப்போம் என்று ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். மரத்த பாதம் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“அவ என் பொண்ணு.”

“என் மூத்த பொண்ணு. தோவா. அவ கையைப் பாத்து ரெண்டு சம்பந்தம் போச்சு. மூணாவதும் போயிருமோன்னு பயந்து, எனக்கு ஒண்ணுதான்னு சொன்னேன். பெத்த பொண்ணை இல்லைன்னு சொன்னேன். இத்தனை நாளா சோறு இறங்கல எனக்கு. இன்னொருத்தரை அவளுக்கு அப்பான்னு காட்டறதை என்னால பாத்துட்டு உக்கார முடியல.” அவர் அழுதார். மறைக்கவில்லை, துடைக்கவில்லை. “நான் நாலு வருஷம் ஆ லுவோயில இருந்தேன் சம்பந்தியம்மா. அவ்வளவுதான் விஷயம். இனி உங்க இஷ்டம்.”

மியென் மகனைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்மா” என்றான் குயென்.

“ரெண்டு வருஷமா தெரிஞ்சும் சொல்லல.”

“சொன்னா வர மாட்டீங்கன்னு…”

“வாயை மூடு.” அவள் குவாட்டிடம் திரும்பினாள். முகம் கல்லாக இருந்தது. “பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், யாராவது பதில் சொல்லுங்க. நாளைக்கு இதுகளுக்குப் பொறக்கற குழந்தை எப்படிப் பொறக்கும்?”

அறை வாசலில் வந்து நின்ற ஞாய் உதட்டைக் கடித்தாள். அந்தக் கேள்வியை அவளும் குயெனும் ஹனோய் வரைக்கும் கொண்டுபோய்விட்டு வந்தார்கள். நன்றாகவே பிறக்கலாம், வயிற்றிலிருக்கும்போதே ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முப்பத்து மூன்று வருஷமாகக் குவாட் தன்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

தோவா முன்னால் வந்தாள். ஊர்க்காரி வேஷம் போனபின் அவளுக்கு மூச்சு விடுவது சுலபமாக இருந்தது.

“யாருக்கும் தெரியாது அத்தை. டாக்டருக்கும் தெரியாது. நல்லாப் பொறந்தா நீங்க வளத்துக்குங்க. என்னை மாதிரி பொறந்தா எங்கிட்ட குடுத்துருங்க. ஒத்தக் கையில எப்படிப் பொத்தான் போடறது, எப்படிச் சைக்கிள் ஓட்டறது, கேலி பண்றவனை எந்தக் கையால அறையறதுன்னு எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லித் தரல, நானா கத்துக்கிட்டேன். அதுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது.” ஊக்கு குத்திய சட்டைக் கையை முன்னால் நீட்டினாள். “நான் ஒண்ணும் பொறந்திருக்கக் கூடாதவ இல்ல அத்தை. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

மியென் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. அவளுக்குப் பக்கத்திலிருந்த சாங், அக்காவின் முதுகில் கையை வைத்தான். அவனுக்கு ஏதோ தெரிந்திருந்தது.

“எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல லாரி ஓட்டினாருன்னு அன்னிக்கே சொன்னேன்ல. எந்தக் காட்டுல ஓட்டினாருன்னு நீங்களும் கேக்கல, நானும் சொல்லல” என்றாள் மியென். மூக்கை உறிஞ்சினாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள். “நீங்க அறிமுகம் சரியாச் சொல்லல. முன்னோர் முன்னாடி அரைகுறையா விடக் கூடாது. சம்பந்தியே எழுந்து திரும்பச் சொல்லட்டும்.”

குவாட் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தோவாவை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் குவாட். இவ என் சம்சாரம். எனக்கு ரெண்டு மக. மூத்தவ தோவா. இளையவ ஞாய்.”

“எங்க வீட்டையும் சேத்துத் திரும்பச் சொல்லணும்” என்று மியென் எழுந்தாள். எழுந்தவள் முன்னோர் படத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கூடத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். “நான் மியென். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவ வான். பதினோரு நாள் இருந்தா. ஜுரத்துல போயிட்டான்னு ஊருக்குச் சொன்னோம். ஜுரம் எல்லாம் இல்ல. முதுகெலும்பு மூடாம பொறந்தா. ஒருத்தர் கண்ணுலயும் காட்டாம துணியில சுத்தியே வச்சிருந்தேன். அவ பேரை முப்பது வருஷமா வெளியில சொன்னதில்ல. இளையவன் குயென்.”

குயெனுக்கு வயது இருபத்தேழு. ஒரே பிள்ளை என்றே வளர்ந்தவன். “எனக்கு அக்காவா?” என்றான்.

“ஆமாடா. இருந்திருந்தா இவ வயசுதான் ஆகியிருக்கும்.”

அவன் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மியென் மறு கையைத் தோவாவிடம் நீட்டி, இங்கே வந்து உட்கார் என்று பெஞ்சைத் தட்டினாள். தோவா போய் உட்கார்ந்தாள். நல்ல நேரம் தாண்டிக் கால் மணி ஆகியிருந்தது. ஞாயும் அறையிலிருந்து தானாகவே வந்துவிட்டாள், யாரும் தடுக்கவில்லை. குவாட் கெண்டியை எடுத்து எல்லாருக்கும் மறுபடியும் தேநீர் ஊற்ற ஆரம்பித்தார், முதல் கோப்பையைத் தோவாவிடம் கொடுத்தார்.